கரடி எட்டிப் பார்த்த வீடு

வீட்டை விற்கப் போட்ட பிறகு வயோலா ஸ்னூக்குக்குத் தாங்கவே முடியாமல் போன உத்தரவு, பார்க்க வருகிறவர்களுக்கு டீ கொடுக்கக் கூடாது என்பதுதான்.

எங்கள் சாம்சன் துறையில் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்ட எவரும் டீ குடிக்காமல் திரும்பியதில்லை. மீன்வளத்துறை அதிகாரி, மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள், வேறு சபையில் சேரச் சொல்லிப் புத்தகம் நீட்ட வந்த இரண்டு பேர், எல்லோருக்கும் டப்பா பால் ஊற்றிய டீயும் ஒரு பன்னும் உண்டு. வயோலா இதில் ஒரு படி மேலே. வளைகுடாவின் அக்கரையிலிருந்து ஹெட்லியைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அவள் அடுப்பைவிட்டுக் கெட்டில் இறங்கியதில்லை. மீன் ஆலையில் நாள் முழுக்க நண்டு உடைத்துவிட்டு, விரல் மடங்காமல் வீட்டுக்கு வந்த காலத்திலும் யாராவது கதவைத் திறந்து தலையை நீட்டினால் போதும், கோப்பையை எடுத்து வைத்துவிடுவாள். இரண்டாவது கோப்பை வேண்டாம் என்று சொல்லி அவளிடம் தப்பியவர் கிடையாது.

விற்க வேண்டி வந்தது ஹெட்லியால். வசந்தத்தில் அவனுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. கேண்டர் நகரத்தில் இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். ஒன்றரை மணி நேரக் கார் பயணம். அதுவும் மூஸ் மான் குறுக்கே வராவிட்டால். பனிக்காலம் வந்துவிட்டால் அந்தச் சாலை எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லத்துக்கு எதிரிலேயே வயதானவர்கள் குடியிருப்பில் வயோலாவுக்கு ஒரு சின்ன வீடு ஒதுக்கியிருந்தார்கள். இந்த வீடு விற்றால்தான் அதில் குடிபோக முடியும். முதல் பனிக்குள் விற்காவிட்டால் அடுத்த வசந்தம் வரை அவன் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அதை நினைத்து அவள் இரவெல்லாம் புரண்டுகொண்டிருந்தாள். வெளியே சொல்ல மாட்டாள். யாராவது கேட்டால், அவன் குறட்டை இல்லாமல் தூக்கம் வரவில்லை, வேறொன்றும் இல்லை என்பாள்.

வீட்டை விற்றுக்கொடுக்கக் கேண்டரிலிருந்து வந்த ஏஜென்ட் பெயர் கெய்லா. நல்ல பெண்தான், ஆனால் எங்கள் ஊர்ப் பாதையில் குதிகால் செருப்போடு நடக்கிற அளவுக்கு நம்பிக்கை உள்ளவள். முதலில் வந்தவர்களுக்கு வயோலாவே சுற்றிக் காட்டினாள். தென்மேற்குக் காற்று அடித்தால் மாடி ஜன்னல் ஊளையிடும், பழைய காலுறையைத் திணித்தால் அடங்கிவிடும் என்று சொல்லி, அந்தக் காலுறையையும் எடுத்துக் காட்டினாள். நிலவறையில் பனி உருகும்போது தண்ணீர் வரும், கணுக்கால் அளவுதான் என்று ஆறுதல் சொன்னாள். பன்னைத் தின்றுவிட்டுப் போனவர்கள் பிறகு போனே செய்யவில்லை. அன்றைக்குத்தான் கெய்லா அவளைக் காருக்குப் பக்கத்தில் தள்ளிக்கொண்டு போய், இனி வருகிறவர்களுக்கு டீ கிடையாது, ஆட்கள் வரும்போது நீங்கள் வீட்டில் இருக்கவே கூடாது என்றாள்.

"நான் இல்லாம யாரு காட்டுறது?"

"வீடு தன்னைத் தானே காட்டிக்கும், வயோலாம்மா."

"அதுக்கு வாய் இல்லையே கண்ணு."

"அதனாலதான் சொல்றேன்."

அடுத்து வீட்டுக்கு வேஷம் கட்டினார்கள். சுவரிலிருந்த கல்யாணப் படம், ஆல்பர்ட்டாவில் வேலை பார்க்கும் மகனின் ஹாக்கி படம், தன் உயரத்துக்கு ஒரு காட் மீனைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மாமனார், எல்லாம் இறங்கின. அங்கே தென்னை மரம் நிற்கும் ஒரு கடற்கரைப் படம் ஏறியது. ஜன்னலுக்கு வெளியே எங்கள் கடல் இருக்க, சுவரில் யார் ஊர்க் கடலோ. மேசையில் ஒரு கிண்ணம் நிறையப் பச்சை ஆப்பிள். அதைத் தின்னக் கூடாதாம். இரண்டே நாளில் வயோலா அதையெல்லாம் மாவுக்குள் பொதிந்து இனிப்பாகச் சுட்டுப் பாதி ஊருக்குக் கொடுத்துவிட்டாள். கெய்லா மறுபடி வாங்கி வந்து, இந்த முறை எண்ணி வைத்திருக்கிறேன் என்று எச்சரித்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை உப்புக்கறியும் முட்டைக்கோஸும் வேகவைக்கவும் தடை. அதற்குப் பதில் வெனிலா மெழுகுவத்தி. ஞாயிறு மதியம் முட்டைக்கோஸ் வாசனை வராத வீட்டை எவன் வாங்குவான் என்று வயோலா நியாயமாகத்தான் கேட்டாள்.

முன் கதவு தனிக்கதை. எங்கள் ஊர் வீடுகளில் முன் கதவு உண்டு, படி கிடையாது. யாரும் அந்த வழியாக வருவதில்லை. அதனால் யாருக்கும் படி கட்டத் தோன்றியதும் இல்லை. தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் ஒரு கதவு, பார்வைக்கு. வருகிறவர்களை அந்த வழியாகத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று கெய்லா ஒற்றைக்காலில் நின்று படி கட்ட வைத்தாள். கட்டி முடித்த பிறகுதான், கதவு பல வருடத்துப் பெயின்டில் நிலையோடு ஒட்டிப்போயிருந்தது தெரிந்தது. கோடரியால் நெம்பித் திறந்தார்கள். ஹெட்லியிடம் சொன்னபோது அவன் சிரித்துச் சிரித்து இருமினான். இனி வீட்டுக்கு ஜலதோஷம் பிடிக்கும் என்றான்.

கெய்லாவின் போன் அரை மணிக்கு முன்னால்தான் வரும். உடனே வயோலா மாத்திரை டப்பா, பாதி பின்னிய கையுறை, ஈரத்துணி, பூனை எல்லாவற்றையும் ஒரே கூடையில் அள்ளிக்கொண்டு சாலையைத் தாண்டி எதிர்வீட்டுக்கு ஓடுவாள். அது மில்ட்ரட்டின் வீடு. ஹெட்லியின் அக்கா, கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், வயோலாவோடு தினம் ஒரு சண்டை போட்டு, இருட்டுவதற்குள் சமாதானம் ஆகிறவள். துறையின் அந்தப் பக்கத்தில் ஆள் இருக்கிற வீடு இப்போது அந்த இரண்டுதான்.

எங்கள் ஊரில் எல்லார் சமையலறை ஜன்னலிலும் ஒரு பைனாகுலர் இருக்கும். படகு பார்க்க என்று சொல்லிக்கொள்வோம். மில்ட்ரட்டின் ஜன்னலில் இரண்டு பேரும் அதை மாற்றி மாற்றிப் பிடுங்கிக்கொண்டு வயோலாவின் வீட்டை வேவு பார்த்தார்கள். ஓர் ஆள் பூட்ஸோடு குளியல் தொட்டியில் படுத்து நீளம் பார்த்தான். ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். அலமாரியைத் திறக்கிறார்கள் என்று வயோலா பதறினால், திறக்கட்டும், உன் மானம் முழுக்க என் சோபாவில்தானே கிடக்கிறது என்பாள் மில்ட்ரட். அந்த அரை மணி நேரங்களில் வயோலா கொஞ்சம் கவலையை மறந்திருந்தாள் என்பது உண்மை.

ஆனால் வீடு விற்கவில்லை. வந்தவர்கள் சிரித்த முகமாக உள்ளே போனார்கள், சிரித்த முகமாக வெளியே வந்தார்கள், பிறகு காணாமல் போனார்கள். விலையைக் குறைத்துப் பார்த்தார்கள், அதற்கும் அசையவில்லை. அக்டோபர் வந்து மலைமேல் முதல் உறைபனி படிந்தது. வயோலாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாங்க வருகிறவர்களுக்கு ரசனை கிடையாது என்று மில்ட்ரட் தேற்றினாள்.

ஹாலிஃபாக்ஸிலிருந்து ஓர் இளம் ஜோடி வந்தது. அவர்கள் சமையலறையில் தங்கள் மேசை எங்கே நிற்கும் என்று அளந்து பார்ப்பதை வயோலா பார்த்தாள். இவர்கள்தான் என்று நினைத்தாள். அவர்கள் வெளியே வந்தபோது, கோழிக்குத் தீனி போட்டுவிட்டு வருகிறேன் என்று மில்ட்ரட் எழுந்து போனாள். கோழிகளைப் போன வருடமே நரி கொண்டுபோய்விட்டது என்பது அந்த நேரத்தில் வயோலாவுக்கு உறைக்கவில்லை.

பைனாகுலரில் மில்ட்ரட் தெரிந்தாள். சாலையில் அந்த ஜோடியை நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தாள். திடீரென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை நகம்போல் மடக்கி, குதிகாலில் ஆடினாள். பிறகு கற்பனை ஜன்னல் ஒன்றில் மூக்கை ஒட்டி உள்ளே பார்த்தாள். எந்தக் காலத்திலோ பனிக்கட்டியில் மிதந்து வந்து வயோலாவின் சமையலறையை எட்டிப் பார்த்த பனிக்கரடி அது. அடுத்து உள்ளங்கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினாள், நிலவறைத் தண்ணீர். அப்புறம் இரண்டு கையும் வானத்தை நோக்கிப் பறந்தன. காற்றில் பறந்துபோகும் கூரையாகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெண் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் போய்விட்டது.

மில்ட்ரட் உள்ளே வந்தபோது வயோலா பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கோழி தின்னுச்சா?"

மில்ட்ரட் கோட்டைக் கழற்றி மாட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "கரடி வந்துச்சா இல்லையா? நான் பொய் சொல்லலையே."

"தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துச்சா?"

"குனிஞ்சு நின்னா வரும்."

வேறொரு நாளாக இருந்தால் வயோலா சிரித்திருப்பாள். "உன் தம்பி அங்க ஒத்தையில கிடக்கான் மில்ட்ரட். உனக்கு என்னடி கெட்டுப்போச்சு?"

மில்ட்ரட் ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேசையைத் துடைத்தாள். அவள் இதுவரை ஒரு முறைகூடக் கேண்டருக்குப் போய்த் தம்பியைப் பார்த்ததில்லை; காரில் ஏறினால் குமட்டும் என்பாள். வயோலா பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறினாள். அன்று இருட்டிய பிறகும் சமாதானம் ஆகவில்லை. அடுத்த நாளும் ஆகவில்லை.

மறுபடி கெய்லா போன் செய்தாள். ஒண்டாரியோவிலிருந்து, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும் வருகிறார்களாம். வயோலா நேரே எதிர்வீட்டுக்குப் போய், கோட்டைப் போடு, ஹெட்லியைப் பார்க்கப் போகிறோம், உன்னை இங்கே விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு நான் ஏமாளி இல்லை என்றாள். மில்ட்ரட் ஒரு பிளாஸ்டிக் வாளியை மடியில் வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். கேண்டர் வரை அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாளே தவிர, அதற்கு வேலை வரவில்லை.

இல்லத்தின் நடையில் ஹெட்லியைக் கவனித்துக்கொள்ளும் பெண் ஒருத்தி எதிரே வந்தாள். வேலைக்குப் புதிது. சாயங்கால முறையில் இருந்தவள், இன்றைக்குத்தான் பகலில் வந்திருந்தாள். முன்னால் நடந்த மில்ட்ரட்டைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"நீங்கதான் வயோலாவா அம்மா? தினமும் ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோனா, மூடி வையும்மான்னுவார். அவ வந்துட்டா, வெளிய பூட்ஸ் கழட்டிட்டு இருக்கான்னுவார். எம்புட்டு நேரம்தான் பூட்ஸ் கழட்டுவாங்கன்னு நாங்க கேலி பண்ணுவோம்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வயோலா எப்போதும் மதியத்தில் வந்து, இருட்டுவதற்குள் திரும்புகிறவள். ராத்திரியில் அவன் இப்படிக் காத்திருப்பது இதுவரை அவளுக்குத் தெரியாது. அவள் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு அறிவிப்பை உற்றுப் படிக்க ஆரம்பித்தாள்.

"நான் இல்ல," என்றாள் மில்ட்ரட். "இவ."

ஹெட்லி அக்காவைப் பார்த்ததும், நீயே காரில் ஏறி வந்திருக்கிறாய் என்றால் செத்தது யார் என்று கேட்டான். மில்ட்ரட் அவனைத் திட்டிக்கொண்டே அவன் சட்டையில் தப்பாகப் போட்டிருந்த பொத்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். கடைசிப் பொத்தானுக்கு மட்டும் கொஞ்சம் நேரம் பிடித்தது. திரும்பும்போதும் வாளி அவள் மடியில்தான் இருந்தது. எங்கள் ஊருக்குத் திரும்பும் முனை வந்தபோது, "ஆறின சோறு அவனுக்குச் சின்னதுலேருந்தே இறங்காது" என்றாள்.

ஒண்டாரியோக்காரர்கள் இரண்டாம் முறை பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த முறை அவர்கள் வெளியே வந்தபோது மில்ட்ரட் எந்தச் சாக்கும் சொல்லாமல் எழுந்து போனாள். வயோலா பைனாகுலரைத் தூக்கினாள். மில்ட்ரட்டின் கைகள் கோட்டுப் பையிலேயே இருந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் அந்த இரண்டு பேரையும் பின்வாசல் வழியாகத் தன் சமையலறைக்கே கூட்டி வந்துவிட்டாள். வாங்குகிறவர்கள் வீட்டுக்காரியைப் பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்ட கெய்லா, வெளிறிப்போய்ப் பின்னால் வந்தாள்.

டீ ஊற்றப்பட்டது. வயோலா நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடையில் யாரோ ஏதோ கரடி என்றார்களே என்று அந்த ஆள் இழுத்தார். வந்தது, ஒரே ஒரு தடவை, இவள் வைத்த முட்டைக்கோஸ் வாசனை பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டது என்றாள் மில்ட்ரட். நிலவறைத் தண்ணீர் கணுக்கால் அளவு. மாடி ஜன்னலுக்குக் காலுறை போதும். அந்த அம்மாள் சிரித்துவிட்டு, பனிக்காலத்தில் இங்கே தனிமையாக இருக்காதா என்று கேட்டாள்.

மில்ட்ரட் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். காலையில எந்திரிச்சதும் அடுப்பைப் பத்த வச்சிடுங்க. உங்க புகைபோக்கி எனக்கு இந்த ஜன்னல்லேருந்து தெரியும். அதுல புகை வந்த பொறவுதான் நான் டீ போடுறது. இத்தனை வருஷமா அப்படித்தான். புகை வரலேன்னா எனக்கு எதுவும் ஓடாது."

நாங்கள் விடியும் முன்பே எழுந்துவிடுகிறவர்கள் என்றார் அந்த ஆள். அது போதும் என்றாள் மில்ட்ரட்.

வயோலா எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் போர்வைக்குள் சுருண்டு, அடுப்பை அப்புறம் பற்றவைக்கலாம் என்று கிடந்திருக்கிறாள். சாலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி டீகூடக் குடிக்காமல் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கெய்லாவோடு அவர்கள் விலை பேசி எழுதப் போன பிறகுதான் வயோலா கேட்டாள்.

"ஏன்டி ஒரு நாளும் எங்கிட்டச் சொல்லல?"

மில்ட்ரட் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டே. நான் சொல்லி நீ நின்னா, தம்பிக்கு நான் பண்ணின துரோகம் அது. கரடிக்குப் பயந்து அவங்க வாங்காமப் போனா யார் மேலயும் பழி இல்லையேன்னு பார்த்தேன்."