இன்னும் கொஞ்சம் ஆழம்

நான் நகரியில் போர்வெல் போடுகிறவன். ஒருமுறை பாறைத் தீவு ஒன்றில் வேலை. வீட்டுக்கார அம்மாவுக்கு முழங்கால் வலி. கரைக்குப் போய்த் தண்ணீர் சுமக்க முடியவில்லை. இருபதடியிலேயே நல்ல தண்ணீர் வந்தது. “போதும் தம்பி” என்றார்.

“இன்னாம்மா! எங்க ஊர்ல ஆயிரம் அடி போய்க்கினு கீறோம். இன்னும் எறங்கினா ஆறாட்டம் வரும்” என்றேன்.

அறுபதடியில் பீறிட்டது. உப்பு.

“ஆறு வரும்னியே, கடலே வந்துட்டுதே” என்றவர், குடத்தை எடுத்துக்கொண்டு கரைக்கு நடந்தார். நானும் போனேன். பாறை இடுக்கில் தண்ணீர் கசிந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. குடித்தேன். இனித்தது.

“நெலத்துத் தண்ணி உப்புத்தண்ணி மேல மெதக்குது தம்பி. மிஞ்சினது இங்க வருது. நீ அடியில ஓட்டை போட்டுட்ட.”

குழியின் அடியைக் களிமண்ணால் அடைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் மறுபடி இனித்ததா என்று கேட்கத் துணிவில்லை. இப்போது யாராவது போதும் என்றால், உடனே மிஷினை நிறுத்திவிடுகிறேன்.