கடைசி பெஞ்சில் ஓர் அக்கா

மூன்று ஆண்டுகளுக்கு முன், பி.எட். படித்தபோது கற்பித்தல் பயிற்சிக்காகச் சிதம்பரத்திலிருந்து கடலூரில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். எங்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்திருந்தார்கள். ஒருவர் பாடம் எடுக்கும்போது மற்றவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும். பிறகு பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். பாராட்டோ குறையோ கூடாது.

எனக்குத் துணையாக வந்தவர் என்னைவிடப் பெரியவர், மீனவக் குடும்பத்து மருமகள். "இந்த வருஷமும் பாஸாவலன்னா மீன் ஏலத்துல போய் நில்லுன்னுட்டாங்கடி வீட்டுல" என்று சிரித்துக்கொண்டே சொல்வார். பிள்ளைகள் சத்தமே போடாமல் இருந்தால் அதுதான் நல்ல வகுப்பு என்பது அவர் நம்பிக்கை.

ஒருநாள் அவர் வகுப்பு முடிந்ததும், "ஜன்னலோரம் இருக்கற பொண்ணு ஏதோ கேக்க வாயத் தொறந்துச்சுக்கா. நீங்க திரும்புனதும் மூடிக்கிச்சு" என்றேன்.

"கிளாஸப் பாருடின்னா வாயப் பாத்துக்கிட்டு இருந்தியா?" என்றார். பஸ் ஸ்டாண்டுக்கு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார்.

செய்முறைத் தேர்வு வந்தது. முந்தின நாளே அதே பாடத்தை நடத்தி, யார் எதற்குப் பதில் சொல்வது என்று பிள்ளைகளைப் பழக்கிவைப்பது எங்களுக்குள் வழக்கம். அக்காவும் செய்திருந்தார். பாடம், நீர் ஆவியாதல். தேர்வாளர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கேள்வி முடியும் முன்பே பதில்கள் வந்தன.

நடுவில் அந்த ஜன்னலோரப் பெண் மறுபடி வாயைத் திறந்தாள். அக்கா பார்த்துவிட்டார். தேர்வாளரை ஒருமுறை பார்த்தார். சாக்பீஸை மேசையில் வைத்தார்.

"என்னா, சொல்லு."

"கருவாடு காயறப்ப தண்ணி போயிடுது. நாத்தம் மட்டும் ஏன் டீச்சர் போவல?"

வகுப்பே சிரித்தது. அக்காவும் சிரித்துவிட்டார். "போவாமயா தெருமுனையிலயே உன் மூக்குக்கு வருது? அதுவுந்தான் காத்துல கெளம்பி வருது!"

அதன் பிறகு ஆளாளுக்குக் கேள்வி. பழக்கிவைத்த பாடம் பாதியில் நிற்க, மணி அடித்துவிட்டது.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போச்சுடி, பாடத்தையே முடிக்கல. என்னா பாத்தன்னு சொல்லு."

"அந்தப் பொண்ணு கேட்டப்பறம் யாரும் வெளிய பாக்கலக்கா. தேர்வாளரும் சிரிச்சாரு."

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன்.

அவர் தேறிவிட்டார். இப்போது மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. நான் சிதம்பரத்தில். போனில் பிள்ளைகள் நலம், மாமியார் உடம்பு என்று பேசி முடித்துவிடுகிறோம். என் வகுப்பில் எல்லாரும் தேர்ச்சி பெறுகிறார்கள், தலைமையாசிரியருக்கும் திருப்திதான். ஆனாலும் வகுப்பு முடிந்து வெளியே வரும்போதெல்லாம், இன்று உள்ளே உண்மையில் என்ன நடந்தது என்று கேட்க, கடைசி பெஞ்சில் எனக்கு அந்த அக்கா வேண்டும்போல் இருக்கிறது.