யாரைப் பார்த்து வாங்கினார்கள்

மற்ற ஊர்கள் மின்பேருந்துகளை எப்படி வாங்கின என்று ஒப்பிட்டுப் பார்ப்பது நகராட்சியில் என் வேலை. சில ஊர்கள் ஐரோப்பிய மானியத்தோடு வங்கிக் கடனும் சேர்த்துச் சொந்தமாக வாங்கின. சில ஊர்கள் பேட்டரியை மட்டும் வாடகைக்கு எடுத்தன. சில எதையுமே வாங்கவில்லை. பேருந்து கம்பெனியுடையது, ஓடும் கிலோமீட்டருக்குப் பணம். நான் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டதில் ஒரு ஊர் தன் பேட்டரிகளை மாற்றும் காலமே வந்துவிட்டது.

நாங்கள் குடியிருப்பது மேட்டில். அங்கே வருவது ஒன்பதாம் எண் மட்டும். மழை நாளில் அதன் கூரை ஒழுகும்; என் மனைவி வியோரிகா அந்தப் பேருந்துக்குள் குடை பிடித்தபடிதான் வேலைக்குப் போவாள்.

"ட்ரயான், இன்னைக்கு எந்த ஊரு?"

"ஆத்துக்கு அக்கரை."

"போன வருஷமும் அதானே? சூப்பு நல்லா இருந்துச்சோ?"

பழைய பேருந்துக்கு வசந்தம் வரைதான் அனுமதி. அன்று மாலைக் கூட்டத்தில் முடிவாகாவிட்டால் மேட்டுக்குப் பேருந்தே கிடையாது. போன ஆண்டு அறிக்கையில் கிலோமீட்டர் முறையை நான் பரிந்துரைத்திருந்தேன். அக்கரை ஊர் அதைத்தான் எடுத்தது. ஏன் எடுத்தார்கள் என்று நகராட்சித் தலைவி அக்லாயா கேட்டிருந்தார். அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

அக்கரையில் பொறியாளர் கோர்னெல் வழக்கம்போலப் புளிப்பு சூப்பையும் பிளம் சாராயத்தையும் வைத்தார்.

"கிலோமீட்டர் முறையை ஏம்ப்பா எடுத்தீங்க?"

"உன் அறிக்கைய பாத்துத்தான்."

"அதை நான் உங்கள பாத்துல்ல எழுதினேன்? 'அப்படித்தான் பண்றோம்'னு நீதானே சொன்னே?"

கோர்னெல் ரொட்டியைப் பிய்த்தார். "அப்ப ஒண்ணும் முடிவாகல. விருந்தாளி முன்னாடி 'தெரியல'ன்னா சொல்ல முடியும்?"

"பஸ் எப்படி ஓடுது?"

"அருமையா ஓடுது. பனியிலயும் நிக்கல. சாப்பிடு."

திரும்பும் வழியெல்லாம் இரண்டு ஊர்களும் என் தலைக்குள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தன. நடுவில் நான், கையில் மதிப்புமிக்க அட்டவணையோடு.

கூட்டத்தில் அக்லாயா கேட்டார்: "அவங்க ஏன் இந்த முறைய எடுத்தாங்க, ட்ரயான்?"

மேட்டுக்காரர்கள் பின்வரிசையில் ஈரக் கோட்டுகளோடு உட்கார்ந்திருந்தார்கள். வியோரிகாவும் இருந்தாள்.

"என் அறிக்கைய பாத்து எடுத்தாங்க, மேடம். நான் அவங்கள பாத்து எழுதினேன்."

யாரோ சிரித்தார். அக்லாயா சிரிக்கவில்லை. "பஸ் ஓடுதா?"

"ஓடுது. பனியிலயும்."

"அப்ப இதுதான் உங்க அறிக்கையில முதல் நல்ல காரணம்" என்று சொல்லி அவர் கை தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள்.

வசந்தத்தில் புதிய ஒன்பதாம் எண் சத்தமில்லாமல் மேடேறி வந்தது. வெயில் அடித்தது. வியோரிகா குடையை எடுத்துக்கொண்டாள்.

"இது எதுக்கு?"

"நீ ஒப்பிட்டுப் பாத்து வந்த பஸ்ஸாச்சே. இருக்கட்டும்."