ரீச்சரின் செத்துப்போன அம்மா

கொலோனில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், அவர் குளிர் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னரே "ஊரிலை எவடம்?" என்று கேட்டுவிடுவார்கள். கேள்வி இடத்தைப் பற்றியது போலத்தான் இருக்கும். வந்தவரின் சாதி, சனம், சீதனம் எல்லாவற்றையும் அந்த ஒரு பதிலில் இருந்தே பிரித்தெடுத்துவிடுவார்கள். அகதி விசாரணை செய்த ஜேர்மன் அதிகாரிகளுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் எங்களுடைய வழக்குகள் இவ்வளவு காலம் இழுபட்டிருக்காது.

அப்படிப்பட்ட மண்டபத்தில்தான் ஒரு வெள்ளைக்காரப் பெண் பல வருடங்கள் தமிழச்சியாக இருந்தார்.

அவர் என் மகளின் பரதநாட்டிய ரீச்சர். கன்னங்கரேலென்ற தலைமயிர், பெரிய பொட்டு, பருத்திச் சேலை. சென்னையில் நடனம் பயின்றவர் என்பதால் அவர் பேசியதும் சென்னைத் தமிழ்தான். அப்பா ஜேர்மன்காரர், அம்மா இலங்கைத் தமிழ், தான் குழந்தையாக இருந்தபோதே அம்மா செத்துப்போனார் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவருடைய நிறத்தைப் பார்த்து ஒருவரும் சந்தேகப்படவில்லை. "நல்ல வெள்ளைப் பிள்ளை" என்று பொறாமைப்பட்டதோடு சரி.

சங்கத் தலைவரின் மனைவி வழமைப்படி, "அம்மா ஊரிலை எவடம் பிள்ளை?" என்று கேட்டார். ரீச்சர் "வடக்குப் பக்கம்" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொண்டோம். "உது எங்கடை சித்தப்பா வீட்டு மூக்கு. அவரின்ரை மூத்தவள் ஒரு வெள்ளைக்காரனோடை ஓடினவள்" என்றார் தலைவரின் மனைவி. கொஞ்ச நாளில் இன்னொரு குடும்பம் வந்து, அது தங்கள் பக்கத்து மூக்கு என்று உரிமை கொண்டாடியது. இரண்டு வீட்டிலும் ரீச்சருக்கு மாறி மாறி விருந்து. அவர் சொன்னது ஒரே ஒரு பொய். அதற்கு வீடு, வளவு, கிணறு எல்லாம் கட்டிக் கொடுத்தவர்கள் நாங்கள்.

இப்படியே வருடங்கள் ஓடி, உலகக் கிண்ண உதைபந்தாட்டம் ஜேர்மனியில் நடந்த கோடை வந்தது. தெருவெல்லாம் கொடி. என் மகளும் கன்னத்தில் ஜேர்மன் கொடியின் கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பூசிக்கொண்டு போனாள். "எங்களோடு சேர்ந்து கொண்டாடுகிறாயே, எவ்வளவு நல்ல பிள்ளை" என்று ட்ராமில் ஒரு வயதான பெண் பாராட்டினாராம். வீட்டுக்கு வந்து கன்னத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.

அந்தக் கோடையில்தான் ரீச்சரின் குட்டு வெளிப்பட்டது. ஜேர்மன் மேடைகளிலும் ஆடிப் பெயர் எடுத்த அவரைப் பற்றி விவரமாக எழுத ஆசைப்பட்ட ஒரு பத்திரிகைக்காரர், அவர் பிறந்த மலைப்பக்கத்துக் கிராமத்தைத் தேடிப் போயிருக்கிறார். செத்துப்போன அம்மாதான் கதவைத் திறந்தாராம். உள்ளே கூப்பிட்டு இருத்தி, கோப்பி ஊற்றி, பிளம்ஸ் கேக்கும் வெட்டிக் கொடுத்தாராம். தலைமுறை தலைமுறையாக இறைச்சிக்கடை நடத்திய ஜேர்மன் குடும்பம். பத்திரிகையில் வந்த படத்தில் அம்மாவின் முகத்தில் அந்த மூக்கும் இருந்தது.

ஜேர்மன்காரர் தங்களுக்குள் அடிபட்டுக்கொண்டார்கள். இது கலாசாரத் திருட்டு என்று ஒருவர் எழுதினார். மனிதர் தான் விரும்பிய ஆளாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொருவர் எழுதினார். வானொலியில் ஒரு பேராசிரியர் விளக்கு விளக்கென்று விளக்கினார். எங்களை ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் என்ன, நாங்களும் ஒரு கூட்டம் போட்டோம்.

எனக்கு இருந்தது வேறு கவலை. அடுத்த மாதம் மகளின் அரங்கேற்றம். மண்டபம் எடுத்தாயிற்று, ஊரெல்லாம் சொல்லியாயிற்று. குரு மேடையில் இருந்து தாளம் போடாமல் அரங்கேற்றம் ஏது? ரீச்சரை விலக்கினால், சிறுவயதில் இருந்து மகள் ஆடிய ஆட்டமெல்லாம் வீண். அவளோ பத்திரிகையைப் பார்த்த நாளில் இருந்து சலங்கையைத் தொடவேயில்லை.

கூட்டத்தில் முதலில் எழும்பியவர் ஓர் இந்திய உணவகத்தின் முதலாளி. அசல் யாழ்ப்பாணத்தார். வேலையில் இருந்து நேரே வந்தபடியால் ராஜஸ்தான் தலைப்பாகை தலையிலேயே இருந்தது. கடைக்கு வரும் ஜேர்மன்காரருக்கு அவர் ஜெய்ப்பூர் அரண்மனைச் சமையல்காரரின் பேரன். தலைப்பாகையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "ஆள் மாறி வேசம் போடுறவையை எங்களுக்கை வைச்சிருக்க ஏலாது!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. என் கணவரும் தட்டினார். அவர் ஒரு பீட்சாக் கடையில் "புவோனசேரா" என்று இத்தாலிய வணக்கம் சொல்லி ஆட்களை வரவேற்கிறவர்; அங்கே அவர் சிசிலித் தீவு இத்தாலிக்காரர். நான் முழங்கையால் இடித்தேன்.

"அது வேலையப்பா" என்றார்.

தலைவரின் மனைவி தன் பங்குக்கு, "அந்த மூக்கு எங்கடை மூக்கு இல்லையெண்டு நான் அப்பவே இவருக்குச் சொன்னனான்" என்றார்.

ரீச்சர் ஒரு மூலையில் இருந்தார். சாயம் பூசாத தலைமயிரின் அடி மஞ்சளாகத் தெரிந்தது. எழுந்து நின்று, "நல்லா ஆடுறேன்னு எல்லாரும் சொன்னாங்க. மேடை மட்டும் யாரும் குடுக்கல. அம்மா தமிழ்னு ஒரு நாள் சொன்னேன். உடனே குடுத்தாங்க" என்றார்.

"அது ஜேர்மன்காரருக்கு. எங்களுக்கு ஏன் சொன்னனீங்கள்?" என்று நான் கேட்டேன்.

"வெள்ளைக்காரின்னா பிள்ளைங்கள அனுப்ப மாட்டீங்கன்னு பயந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அனுப்ப மாட்டோமா? வெள்ளைக்காரியே எங்கள் கலையைப் படிப்பிக்கிறார் என்று மாலை போட்டு, முன் வரிசையில் இருத்தி, வருகிற போகிற எல்லோருக்கும் காட்டியிருப்போமே! இவ்வளவு காலம் எங்களோடு இருந்தும் எங்களைத் தெரிந்துகொள்ளாத மனுசி.

அப்போது என் மகள் எழும்பினாள்.

"உங்களுக்கு அம்மா இல்லையெண்டு சொல்லி அழுதனீங்கள் ரீச்சர். நானும் உங்களோடை சேந்து அழுதனான். எனக்கு அதுதான் கோவம். உங்கடை அம்மாவை அரங்கேற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ முன்னுக்கு இருந்தால்தான் நான் ஆடுவன்."

ரீச்சர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். சங்கம் எடுக்க இருந்த தீர்மானத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. முதலாளி தலைப்பாகையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனார்.

அரங்கேற்றத்துக்கு அந்த அம்மா வந்தார். மடியில் கேக் தட்டோடு முன் வரிசையில் இருந்தார். பக்கத்தில் இருந்த தலைவரின் மனைவிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. ஊரில் எந்தப் பக்கம் என்று ஜேர்மன் மொழியிலேயே கேட்டார். தேவாலயத்துக்குப் பின்பக்கம் என்றார் அந்த அம்மா. "நல்ல இடம்தான்" என்று தலைவரின் மனைவி தலையாட்டினார். ரீச்சர் தாளம் போட, மகள் ஆடினாள். நான் அழுதேன். அப்படி ஒரு சந்தோசம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

முடிந்ததும், சிறப்பு விருந்தினராக வந்திருந்த நகரசபைக்காரர் மகளின் கையைக் குலுக்கினார்.

"ஜேர்மன் மொழி அருமையாகப் பேசுகிறீர்கள். எந்த ஊர்?"

"கொலோன்."

"அது சரி. உண்மையில் எந்த ஊர்?"

"கொலோன்தான். இங்கேதான் பிறந்தேன்."

அவர் அன்பாகச் சிரித்து, தான் கேட்டது அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து, இன்னும் மெதுவாக மறுபடியும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து ஒப்பனையைத் துடைக்கும்போது அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ரீச்சர் பொய் சொன்னவ. ஜேர்மன்காரரும் நம்பினவை, நீங்களும் நம்பினனீங்கள். நான் பிறந்ததிலை இருந்து உண்மையைச் சொல்லுறன் அம்மா. இன்னும் ஒருத்தரும் நம்பேல்லை."