மதிய இடைவேளையில் திறந்திருக்கும் அறை

என் தங்கை பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். மாலையில் அவள் தெருமுனையில் திரும்புவது தெரிந்ததும் தையல் மெஷினை நிறுத்திவிடுவேன். அதற்குமேல் அவள் காது தாங்காது. கடைக்குள் வந்து, துணி வெட்டும் மேசையோரம் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றவே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பாடம் நடத்தி வந்த களைப்பு இல்லை அது. மதிய இடைவேளையில் அவள் பாட்டு அறையைப் பூட்டுவதில்லை. எந்தப் பிள்ளையும் வரலாம், கீபோர்டு, கிட்டார், டிரம் என்று எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம். யாரும் எதையும் உடைத்துவிடாமல் பார்த்தபடி அவள் மூலையில் சாப்பிடுவாள். பிள்ளைகளாகக் கேட்டால் ஒழியச் சொல்லிக்கொடுக்க மாட்டாள்.

"தப்பா வாசிச்சாகூடத் திருத்த மாட்டியா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாய் துறுதுறுன்னுதான் இருக்கு அண்ணா. சோத்தைப் போட்டு அடைச்சுக்கறேன். நான் ஒரு வார்த்தை சொன்னா அதுவும் கிளாஸ் ஆயிடும். கிளாஸ்ல என் மூஞ்சியைப் பார்த்துத்தான் வாசிக்குதுங்க. மத்தியானம் மட்டும்தான் அதுங்க காதுக்கு வாசிக்குதுங்க."

"பாவம், அதுங்க காது."

"என் காது பாவமில்லையா?" என்றாள்.

பக்கத்து அறை கணக்கு சார்தான் புகார் சொன்னார். நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லையாம். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். பிள்ளைகள் ஒரு பாட்டாவது முழுதாக வாசிக்க வேண்டும். இல்லையென்றால் இடைவேளையில் அறை பூட்டப்படும், பாதி இடத்தில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கப்படும்.

"ஒரு பாட்டைச் சொல்லிக்கொடுத்துத் தொலையேன்" என்றேன்.

"சொல்லிக்கொடுக்கலாம். அப்புறம் எதைக் காப்பாத்தறதுக்கு?"

பாட்டு எனக்குத் தெரியாது, துணி தெரியும். பழைய கம்பளிகளை இரண்டடுக்காக வைத்து, நடுவே பஞ்சு கொடுத்து, சாண் இடைவெளியில் தையல் ஓட்டி, கணக்கு சார் பக்கத்துச் சுவருக்குச் சத்தம் தடுக்கும் திரை ஒன்று தைத்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அதை மாட்டப் போனேன்.

நான் ஏணியில் நின்றபோது அறை சந்தைக்கடையாக இருந்தது. கீபோர்டில் ஒரு சிறுமி மூன்றே சுரங்களைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அவளை 'அலாரம்' என்று கூப்பிட்டார்கள். தலைமை ஆசிரியை உள்ளே வந்தார். ஒரே நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? வாசிங்க."

ஒருவரும் அசையவில்லை. அலாரம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஏதாவது சொல்லித் தொலையேன் என்று தங்கைக்குக் கண்ணைக் காட்டினேன். அவள் டிபன் டப்பாவை மூடினாள்.

"தோணும்போது வாசிப்பாங்க டீச்சர். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். காலையிலிருந்து நின்றுகொண்டே இருந்திருப்பார் போல. கால்களை நீட்டினார், சுவரில் தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார்.

"தூங்கிட்டாங்களாடி?" என்று ஒரு சிறுமி பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

"டீச்சருங்க தூங்க மாட்டாங்கடி. கண்ணை மூடிக்கிட்டு நம்மளைப் பார்ப்பாங்க."

கொஞ்ச நேரம் கழித்து அலாரம் மெதுவாக அந்த மூன்று சுரங்களை அமுக்கினாள். கிட்டார் ஒன்று முனகியது. யாரோ விரல் நுனியால் டிரம்மைத் தட்டினார்கள். அலாரம் நாலாவது சுரத்தைத் தேடினாள். தப்பு. வேறொன்றைத் தொட்டாள். அதுவும் தப்பு. தங்கையைப் பார்த்தேன். அவளுடைய விரல் டப்பா மூடியை ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது.

மணி அடித்தது, பிள்ளைகள் ஓடினார்கள். தலைமை ஆசிரியை எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார்.

"பாட்டு ஒண்ணும் வரலையே."

"வரலை டீச்சர்."

வாசல்வரை போனவர் நின்றார். "அந்தப் பொண்ணு நாலாவதைக் கண்டுபிடிச்சிட்டாளா?"

"இன்னும் இல்லை."

"அப்ப திங்கட்கிழமையும் திறந்து வைங்க. இந்த வருஷம் பெஞ்செல்லாம் வெளியவே கிடக்கட்டும். கணக்கு சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

அன்று மாலையும் தங்கை அதே மேசையோரம் உட்கார்ந்தாள்.

"வருஷம் முழுக்க வாயை மூடிக்கிட்டு உட்காரணும் அண்ணா" என்றபடி, மடித்து வைத்திருந்த யாருடைய சட்டைமேலோ தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். அந்தச் சட்டையைத் திரும்பத் தேய்க்க வேண்டும். பரவாயில்லை. மெஷினைத் தொடாமல், மீதித் தையலைக் கையாலேயே போட்டேன்.