பதினேழு கைப்பிடி அரிசி

எங்கள் கடையில் "வீடு கட்டுவது" என்றால் செங்கல், சிமெண்ட் இல்லை. ஒரு வீட்டுக்கு வேண்டிய பாத்திரம், பாய், அடுப்பு, மிக்ஸி முதல் துணி காயப்போடும் கிளிப் வரை எடுத்து வைத்து, பேக்கிங் பண்ணி, வண்டி ஏற்றி அனுப்புவதுதான். காஞ்சிபுரத்தில் ஒரு பாத்திரக் கடையின் செட் கவுன்டரில் இருபத்தாறு வருடம் நின்றேன். முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருடம் வேலையிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது அந்தக் கவுன்டரில் நிற்கும் பெண்கள், "வசந்தாக்கா, நீங்க பாத்ததுலயே கஷ்டமான செட் எது?" என்று கேட்டார்கள். ஏதோ பெரிய இடத்துக் கல்யாணச் சீரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். கஷ்டமான செட் ஒரே ஒரு ஆளுக்காகக் கட்டியது. அதைக் கெடுத்தவள் நான்தான்.

1. மாப்பிள்ளை எந்த ஊர்?

ஆடி மாதம். ஆடியில் யாரும் வீடு கட்ட வர மாட்டார்கள். கவுன்டரில் உட்கார்ந்து பழைய ஸ்டாக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். தென்னேரி பக்கம் விவசாயக் குடும்பம். அம்மா பெயர் தனம். மகள் கோமதி, ஸ்டாஃப் நர்ஸ், முப்பது வயது இருக்கும். "ஒரு வீட்டுக்கு முழு செட் வேணும்" என்று கோமதி சொன்னதும், வழக்கமாகக் கேட்பதையே நானும் கேட்டேன்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊருமா?"

"மாப்பிள்ள இல்லக்கா. போஸ்டிங்."

நிக்கோபார் பக்கம் ஒரு தீவில் அரசு ஆஸ்பத்திரி வேலை. நிரந்தர வேலை. தங்க இரண்டு ரூம் குவாட்டர்ஸ், தகரக் கூரை, உள்ளே ஒரு நாற்காலிகூடக் கிடையாது. தீவில் இருக்கும் ஒன்றிரண்டு கடைகளில் பிஸ்கட்டும் சோப்பும்தான் கிடைக்கும். கரன்ட் வரும், போகும். குடிக்க மழைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும். அவளுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த நர்ஸிடம் போனில் பேசி, ஒரு நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

எங்கள் கடையின் அச்சடித்த செட் லிஸ்ட்டை நீட்டினேன். பேனா எடுத்து அடிக்க ஆரம்பித்தாள். டிரஸ்ஸிங் டேபிள் போச்சு, அண்டா போச்சு, ஒரு டஜன் தட்டு இரண்டாகிப் போச்சு. பீரோவை அடித்தபோது முதலாளிக்குப் பொறுக்கவில்லை. கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"பீரோ இல்லாம அது இன்னா வீடுமா?"

"உப்புக் காத்துல ஒரு வருஷம் நிக்காதாம் சார். அதுவும் இல்லாம படகுல இருந்து நாலு பேர் தூக்கி எறக்கணும். நீங்க வர்றீங்களா?"

முதலாளி போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அந்தப் பெண்ணை அப்போதே பிடித்துவிட்டது. எவர்சில்வரில் காந்தம் வைத்துப் பார்த்து எடுத்தாள். ஒட்டினால் சீக்கிரம் துரு பிடிக்குமாம். இரும்புக் கட்டில் வேண்டாம் என்று மெத்தை மட்டும் வாங்கினாள். கேண்டில் வைத்த தண்ணீர் ஃபில்டருக்கும் கொசுவலைக்கும் பக்கத்தில் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாள். இவை இரண்டும் இல்லாமல் அங்கே ஒரு வாரம் தாண்டாது என்றாள்.

தனம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"சர்க்கார் வேலையாவே இருக்கட்டும். ஒரு மாசம் கழிச்சி நான் போய்ப் பாப்பேன். மனுஷங்க இருக்கிற வீடா இல்லன்னா கையப் புடிச்சி இட்டுக்கினு வந்துடுவேன். அப்ப வேலை, அது இதுன்னு பேசக் கூடாது. ஒத்துக்கினுதானே கௌம்பற?"

"ஒத்துக்கினேன்மா" என்றாள் கோமதி, நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அப்பா இல்லை, ஒரே பெண். அம்மாவிடம் அந்த வார்த்தையைக் கொடுத்துத்தான் வேலை ஆர்டரில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

2. பேக்கிங் டேபிள்

நான்கு நாள் கழித்துப் பேக்கிங். மூடியை இறுக்கிப் பூட்டும் நீல டிரம் இரண்டு, அட்டைப்பெட்டி ஏழு, மெத்தை ஒரு சுருள். கோமதி பக்கத்திலேயே நின்று எங்கள் பேக்கிங் ஆளிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"அங்க படகுத்துறைல ஒரு கொட்டாய் இருக்குதாம். கப்பல் மாத்தற வரைக்கும் சாமான் அதுலதான் கெடக்கும். எலி ஜாஸ்தியாம். அதனால பருப்பு, மொளகா, தின்றது எல்லாம் டிரம்ல. அட்டைப்பெட்டில ஒரு மணி அரிசிகூட இருக்கக் கூடாது. பாத்திரமெல்லாம் வெறுமையாவே கட்டுங்க அண்ணா."

இதை நான் என் காதால் கேட்டேன். கேட்கவில்லை, மறந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல எனக்கு வழியில்லை.

அவள் லக்கேஜ் பேப்பரை ஜெராக்ஸ் எடுக்கப் போனாள். தெருவில் சாமி புறப்பாடு, கூட்டத்தைத் தாண்டி வர நேரமாகும். தனம்மா என் பக்கத்தில் வந்து மஞ்சள் பையைத் திறந்து காட்டினார். பச்சரிசி.

"ஏம்மா, நீயும் பொண்ணு பெத்தவதானே. வெறும் பாத்திரத்த எப்பிடிமா அனுப்பறது? கல்யாணமா காட்சியா, ஒண்ணும் இல்ல. இதாவது இருக்கட்டும். ஒவ்வொண்ணுலயும் ஒரு கைப்பிடி. அவளாண்ட சொல்லாத."

வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் ஊறிப்போனதுதான். அன்றுவரை ஒரு செட்டும் என் கையிலிருந்து வெறுமையாகப் போனதில்லை. ஒரு கைப்பிடியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் நினைத்தேன், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்: படித்த பெண், தனியாகப் போகிறாள், இந்த வழக்கமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியும். பேக்கிங் ஆளை டீ குடிக்க அனுப்பிவிட்டு, குண்டான், சம்படம், குக்கர் என்று மூடி திறந்து மூடினேன். மொத்தம் பதினேழு பாத்திரம். பதினேழு கைப்பிடி. தனம்மா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

கோமதி திரும்பி வந்தபோது பெட்டிகளுக்கு டேப் ஒட்டியாகிவிட்டது. "வெறுமையாத்தானே கட்டுனீங்க?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

3. ஆறு போட்டோ

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம் என் போனில் கோமதி அனுப்பிய ஆறு போட்டோ வந்து விழுந்தன. கடல் சரியில்லை என்று தீவுக்குப் போகும் கப்பல் ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது. ஒன்பது நாளும் பெட்டிகள் அந்தக் கொட்டாயில் கிடந்திருக்கின்றன.

முதல் போட்டோவில் அட்டைப்பெட்டி அடியில் ஓட்டை. இரண்டாவதில் மெத்தையின் நடுவே ஒரு பள்ளம், உள்ளே பஞ்சும் கொசுவலை நூலும் சேர்த்துக் கட்டிய எலிக்கூடு. மூன்றாவதில் மிக்ஸி ஒயர், செம்பு தெரிகிறது. மற்றவற்றில் எலி கடித்த ஃபில்டர் குழாய், வாஷர், கொசுவலையில் மிச்சம் இருந்த ஒரு முழம். லிஸ்ட்டில் இரண்டு கோடு போட்டிருந்த இரண்டும் போய்விட்டன.

சிக்னல் கிடைத்தபோது கூப்பிட்டாள். குரலில் கோபம் இல்லை. ஆஸ்பத்திரியில் பேஷண்டிடம் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று விசாரிக்கிற குரல்.

"அக்கா, பாத்திரத்துல அரிசி போட்டது யாரு?"

"நான்தாம்மா. கடை வழக்கம். பழக்க தோஷத்துல போட்டுட்டேன்."

"குக்கர் மூடி லாக் ஆயிருந்துச்சிக்கா. அதுல மட்டும் அரிசி அப்பிடியே இருக்குது. எங்க வயலு பச்சரிசி. கடை அரிசில இவ்ளோ நொய் இருக்காது."

அவளே மேலே சொன்னாள்.

"அம்மாவுக்குத் தெரிய வேணாங்கா. அவங்க போட்டதாலதான் இப்பிடி ஆச்சின்னு தெரிஞ்சா தாங்க மாட்டாங்க. அது ஒண்ணு. இந்த மெத்தையப் பாத்தாங்கன்னா என்ன இட்டுக்கினு போயிடுவாங்க. அது இன்னொண்ணு. அடுத்த கப்பலுக்கு வர்றாங்க. வலையும் ஃபில்டர் சாமானும் ஒயரும் அவங்க கைலயே குடுத்தனுப்புங்க. ஸ்பேருன்னு சொல்லுங்க."

"ராத்திரி வலை இல்லாம எப்பிடிமா?"

"ஆஸ்பத்திரி வலை ஒண்ணு எரவல் வாங்கியிருக்கேன். தண்ணி காய்ச்சிக் குடிக்கிறேன். இங்க நான் வந்த ரெண்டாம் நாளே ஒரு பிரசவம் பாத்தேங்கா. அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கடல் தாண்டணும். நான் திரும்பி வர்றதா இல்ல."

4. பார்சல்

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று நின்றேன். "எடுத்துக் கட்டி அனுப்புமா, நம்ம கை தப்பு" என்றார், அவ்வளவுதான். சின்னப் பார்சல் ஒன்று கட்டினேன். பெட்டி வேண்டாம் என்று மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தேன்.

தனம்மா வாங்கிப் போக வந்தார். கையில் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, இவ்ளோ லேசா இருக்குது?"

"கொசுவலை. கேண்டில், குழாய். ஸ்பேர் கேட்டுச்சி உங்க பொண்ணு."

"அதான் அப்பவே வாங்கினோமே" என்றவர், மேலே கேட்காமல் மஞ்சள் பையைத் திறந்தார். "சரி, தொற. இதுலயும் ஒரு கைப்பிடி போட்டுடலாம்."

"வேணாம் தனம்மா" என்று டப்பா மூடியை அழுத்திக்கொண்டேன். கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"ஏன்?"

வாயில் உண்மைதான் வந்தது. "எலி" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையின் வாயைச் சுருட்டினார். டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படி இறங்கிவிட்டார். அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் காப்பாற்றாமல் போட்டு உடைத்துவிட்டேன் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதம், கடையில் போன் அடித்தால் கோமதி ஊருக்கு வந்துவிட்டாள் என்ற செய்திதான் என்று பயந்துகொண்டே எடுத்தேன்.

5. தையல்

கடைசியில் தனம்மா கடைக்குத் தனியாகத்தான் வந்தார். தனியாக வருவதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, துடைத்துக்கொண்டு நாற்காலி போட்டேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"நீ எலின்னு சொன்னப்பவே எனக்கு வெளங்கிடுச்சி. அவ வாயத் தொறக்கல. நானும் கேக்கல. அவ டூட்டிக்குப் போனப்புறம் மெத்தையத் திருப்பிப் பாத்தேன். பெருசா ஓட்ட. பழைய பொடவைய வெச்சி ஒட்டுப் போட்டிருக்கிறா. ஆபரேஷன் பண்ண வயித்துல போடற மாதிரி, ஒவ்வொரு தையலும் ஒரே அளவு."

"கோவமா தனம்மா?"

"யார் மேல கோவப்படறது? அரிசி, பருப்பு எல்லாம் டிரம்ல பூட்டி வெச்சிருக்கிறா. பாத்திரத்த எல்லாம் கழுவிக் கவுத்து கயித்துல தொங்க உட்டிருக்கிறா. இன்னொண்ணு சொல்றேன் கேளு. ஒரு நாளு நடுமத்தியானம் ரெண்டு பேர் ஒரு பொம்பளையத் தூக்கிக்கினு வந்தாங்க. ஆஸ்பத்திரிக்குப் போவல, நேரா வீட்டாண்ட வந்தாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குது, அது அவ வீடுன்னு. எனக்குத்தான் தெரில."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"வீடுதாம்மா அது. நான் போட்டத அள்ளிக் கொட்டிட்டு, அவ வீடாக்கிக்கினா. அவள அங்கயே வுட்டுட்டு வந்துட்டேன்."

செட் கவுன்டரில் நிற்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். பில் கொடுப்பவர் ஒருவராக இருக்கலாம், ஆசைப்படுபவர் இன்னொருவராக இருக்கலாம். அந்த வீட்டில் விளக்கைப் போட்டு அணைக்கப்போவது யார் என்று முதலில் கேளுங்கள். அவர் வெறுமையாகக் கட்டச் சொன்னால் வெறுமையாகக் கட்டுங்கள். மற்றவர்களை மரியாதையாக டீ குடிக்க அனுப்பிவிடுங்கள். நான் அன்றைக்குப் பேக்கிங் ஆளை அனுப்பினேன். அனுப்பியிருக்க வேண்டியது தனம்மாவை. கூடவே நானும் போயிருக்க வேண்டும்.

இந்தத் தையில் என் மகள் ஒரகடம் பக்கம் வாடகைக்கு வீடு எடுத்து, அதே கடைக்கு லிஸ்ட்டோடு வந்தாள். கூடப் போன நான், கவுன்டரில் ஒரு வார்த்தை பேசாமல் எதிர் டீக்கடைக்குப் போய் நின்றேன். அவள் எடுத்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நான் மூன்று டீ குடித்தேன்.