நாலடித் தொட்டியில் உப்புத் தண்ணீர்

எல்லோரையும் சந்தேகித்தே காலம் தள்ளிய ஒருவர், தன்னையே சந்தேகிக்க நேர்ந்தால் என்ன செய்வார்? அபிஷேகப்பாக்கம் சிங்காரவேலுவின் வாழ்க்கை கேட்டது இதைத்தான்.

முப்பத்தோரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுத்தவர். மீட்டரைப் பார்க்கும் முன் அதன் சீலைப் பார்ப்பார். சீலைப் பார்க்கும் முன் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்ப்பார். ஓய்வு பெற்றதும், சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனதாலோ என்னவோ, கடல் மீன் தொட்டி வைக்கும் ஆசை வந்தது.

அதிலும் ஆறு மாதம் விசாரணை. சென்னையில் ஒரு கடைக்காரரிடம், "இந்தப் பவளம் எந்தக் கடல்லருந்து எடுத்தது? பேப்பர் இருக்குதா?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்தார். சிரிப்பவரிடம் உயிருள்ள எதையும் வாங்கக் கூடாதென்று, நாலடிக் கண்ணாடித் தொட்டி, காய்ந்த பாறை, பை பையாக உப்பு, இவற்றோடு திரும்பினார். கடல் நீரையும் அவர் நம்பவில்லை. அதில் யார் எதைக் கலந்தார்களோ. வடிகட்டிய நீரில் உப்பைக் கரைத்து, அளந்து, மறுபடி அளந்து, பாறையை அடுக்கி விளக்கைப் போட்டார்.

"இன்னாங்க, மீனே இல்லாத தொட்டிக்கு ஒரு மாசமா லைட்டு எரியுது?" என்றாள் மனைவி தனக்கொடி.

"தண்ணி பக்குவமாவணும்டி. அவசரப்பட்டு வுட்டா மீனு செத்துப்பூடும்."

"என்னக் கட்டிக்கறதுக்கு முன்னகூட இவ்ளோ யோசிக்கலியே நீங்க."

ஆறாவது வாரம், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள் வந்தன. அன்றைக்கு அவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. எதையும் அவர் அப்படிப் பார்த்துத் தனக்கொடி கண்டதில்லை.

வீட்டுக்குப் பின்னால் வீரப்பனின் நாற்றங்கால். உப்புப் பைகள் இறங்கியதிலிருந்தே வீரப்பனுக்கு மனசு சரியில்லை. இறால் குட்டை வெட்டிய இடங்களில் பக்கத்து நெல் என்ன ஆனதென்று கேள்விப்பட்டிருந்தார். நாற்று மஞ்சளித்த அன்று நேரே வந்துவிட்டார்.

"வாரா வாரம் தண்ணி மாத்துறீங்களே, பழைய தண்ணிய எங்கண்ணே ஊத்துறீங்க?"

"கேன்ல புடிச்சி, வண்டில பூரணாங்குப்பம் கடக்கரைக்கு எடுத்துனு போயி ஊத்துறன்பா."

"யாரு பாத்தா?"

ஆயிரம் வீடுகளில் சிங்காரவேலு கேட்ட கேள்வி. உள்ளே போய், நீரின் உப்பை எண்ணாகக் காட்டும் சிறு கருவியை எடுத்துவந்து நாற்றங்கால் நீரில் வைத்தார். எண் குறைவாகவே இருந்தது.

"மெஷினு உங்களுது. உங்க பேச்சத்தான் கேக்கும். தொட்டி போவணும்ண்ணே. இல்லன்னா கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல எழுதிக் குடுத்துருவன்."

வீரப்பன் போனதும், முதலில் அவர் மேல்தான் சந்தேகம் வந்தது: நாற்றங்காலை ஒட்டிய நம் பின்பக்கச் சந்துக்கு அடிபோடுகிறானோ? பிறகு, பழக்கதோஷத்தில், கேன்களைப் புரட்டிப் பார்த்தார். ஒன்றின் அடியில் மயிரிழை விரிசல். அது நிற்கும் பின்படியிலிருந்து நாற்றங்காலுக்குப் போகும் வாய்க்கால் வரை வெள்ளையாக ஓர் உப்புக் கோடு. இவ்வளவு சொட்டுக்கு ஒரு நாற்றங்கால் மஞ்சளிக்குமா? மஞ்சளிக்காது என்று அவருக்குத் தெரியும். மாட்டிக்கொண்ட ஒவ்வொருவரும் அப்படித்தான் சொன்னார்கள் என்பதும் தெரியும். ஈரத் துணியால் கோட்டைத் துடைத்துவிட்டார். அதை நேர்மை என்று சொல்ல முடியாது.

எட்டு நாளில் நாற்று பச்சை கட்டியது. மண்ணில் துத்தநாகச் சத்துக் குறைவாம். மருந்து தெளித்ததும் தேறிவிட்டது. வீரப்பன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

"தப்பா பேசிட்டன்ண்ணே. தொட்டி இருக்கட்டும். எம்பேத்தி வேற மீனு பாக்கணும்னு ஒரே அழுவ."

"கூட்டினு வாப்பா," என்றார் சிங்காரவேலு. குழந்தை வந்து கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தது. சிங்காரவேலு பின்படியில் தான் துடைத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மீன் வளர்த்துப் பழகிய கிருமாம்பாக்கத்துப் பல் டாக்டர் அருள்மொழியை வரச்சொல்லி, தொட்டி, பாறை, விளக்கு, மீன்கள் அத்தனையையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார். ஏன் என்று தனக்கொடி கேட்டாள். வீரப்பன் இரண்டு முறை வந்து கேட்டார். சிங்காரவேலு வேறு பேச்சு பேசினார்.